“பைண்டிங்கில் இருக்கிறது”: பதிப்புலகப் பேச்சுக்கு ஓர் உரை

முதல் சிறுகதைத் தொகுப்பு வரப்போகிற மகிழ்ச்சியில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பதிப்பாளர் முதலில், ‘ஃபாரம் இடிக்கிறது, ஒரு கதையை எடுத்துவிடலாமா?’ என்றார். பிறகு, ‘அச்சில் இருக்கிறது’ என்றார். இப்போது வாரக்கணக்கில் ‘பைண்டிங்கில் இருக்கிறது’ என்கிறார். இவற்றுக்கெல்லாம் என்ன பொருள்? இந்த மொழிக்கு அகராதி ஏதும் உண்டா?”

அகராதி இல்லை. போட்டால் விற்காது என்பது பதிப்பாளர்களுக்கே தெரியும். மெய்ப்புத் திருத்துபவனாக, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பவனாக, இந்தத் தொழிலில் நுழைந்து, தயாரிப்பு, விற்பனை, கண்காட்சி ஸ்டால் என்று எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் என்னால் முடிந்த உரையை எழுதுகிறேன். சென்னையையும் தமிழ்ப் பதிப்பையும் வைத்தே சொல்கிறேன். எனக்குத் தெரிந்த வீடு அதுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பதிப்புலகில் பேசப்படுவது ஒரு மொழி அல்ல, மூன்று. இயந்திரத்துக்கு அருகில் பேசப்படுவது ஒன்று. பதிப்பாளரின் மேசைக்கு அருகில் பேசப்படுவது இன்னொன்று. ஒலிபெருக்கிக்கு அருகில் பேசப்படுவது மூன்றாவது. இயந்திரத்துக்கு அருகில் பொய் குறைவு. அங்கே தப்பாகச் சொன்னால் காகிதம் வீணாகும், காகிதத்துக்கு விலை உண்டு. மேசைக்கு வரும்போது சொற்களில் கொஞ்சம் மூட்டம் சேர்கிறது. ஒலிபெருக்கிக்கு வந்துவிட்டால் தீர்ந்தது. அங்கே சொல்லுக்கு விலையே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம்.

உங்கள் ஃபாரம் முதல் வகை. ஆகவே அதை நம்புங்கள். டெம்மி என்ற அளவுள்ள அச்சுத் தாள் ஒன்றை இருபுறமும் அச்சடித்து மடித்தால் எட்டு இதழ், 16 பக்கம் கிடைக்கும். அதுதான் ஒரு ஃபாரம். ‘டெம்மி 1/8’ என்று முதல் பக்கங்களில் போட்டிருப்பார்களே, அந்த எட்டு இந்த எட்டு. தமிழ்ப் புத்தகங்கள் 128, 144, 160, 176, 208 பக்கங்களில் முடிவதற்குக் காரணம் கதையின் இயல்பான முடிவு அல்ல, பதினாறாம் வாய்ப்பாடு. நாவலின் கடைசி அத்தியாயம் சட்டென்று முடிந்துவிட்டதாக விமர்சகர் எழுதுவார்; ‘திறந்த முடிவு’ என்று இன்னொருவர் பாராட்டுவார். பதின்மூன்றாவது ஃபாரம் அங்கே முடிந்தது என்பது லேஅவுட் செய்தவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருக்கலாம்.

உங்கள் தொகுப்பு 148 பக்கம் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒன்பது ஃபாரத்துக்கு 144. மேலே நான்கு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. கால் ஃபாரம் அடிக்கலாம். ஆனால் பிளேட் (அச்சுத் தகடு) செலவும் மெஷின் கூலியும் காலாகக் குறையாது. முழு ஃபாரமாக்கி 160 பக்கம் கொண்டுபோனால் பன்னிரண்டு பக்கத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். புத்தகத்தின் கடைசியில் ‘எங்களது பிற வெளியீடுகள்’ என்று விலையோடு ஒரு பட்டியல் வருகிறதே, அது விளம்பர ஆசையால் மட்டும் பிறந்ததல்ல. “உங்கள் என்னுரை அருமையாக இருக்கிறது, இன்னும் நான்கு பக்கம் மனம் திறந்து எழுதுங்களேன்” என்று பதிப்பாளர் கேட்டால், உங்கள் மனத்தைப் பற்றிய அக்கறை அல்ல அது. கதையை எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறைத்தாலோ, வரி இடைவெளியை இம்மியளவு இறக்கினாலோ நான்கு பக்கம் தானாக மறையும். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார், ஆனால் மறுக்க மாட்டார்.

அச்சகத்து அளவுகளில் ஒரு ராஜவம்சமே ஒளிந்திருக்கிறது. கிரவுன், ராயல் என்று. பிரிட்டிஷ் மகுடம் இங்கிருந்து இறங்கி முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆனால் திருவல்லிக்கேணிச் சந்தில் புரட்சிக் கவிதைத் தொகுப்பை இன்றும் ‘கிரவுன்’ அளவில்தான் போடுகிறார்கள். முடியாட்சிக்கு எதிரான நூலை எந்த அளவில் போடலாம் என்று ஒருவர் கேட்டால், டபுள் கிரவுன் தாள் கையிருப்பில் இருக்கிறது என்பார்கள்.

காகிதத்தைப் பற்றிய பேச்சில் மட்டும் லேசான பூச்சு உண்டு. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். 60, 70, 80 என்று போகும். இதில் ஏமாற்ற இடமில்லை. ஆனால் எடை கூடாமல் தடிமனை மட்டும் கூட்டிய ‘பல்க்’ காகிதம் என்று ஒன்று இருக்கிறது. மெலிந்த நாவல் அதில் அச்சானால் பயில்வானாகிவிடும். 120 பக்கத்துக்கு 200 ரூபாயா என்று வாசகர் முகம் சுளிக்கும் இடத்தில், “கையில் எடுத்துப் பாருங்கள் சார்” என்பார்கள். ‘நேச்சுரல் ஷேட்’ என்ற இன்னொன்றும் இருக்கிறது. லேசான பழுப்பு நிறத் தாள். நம் தாத்தா காலத்துப் புத்தகம் பழுக்க முப்பது நாற்பது ஆண்டு பிடித்தது. இது மில்லிலிருந்தே பழுத்து வருகிறது. அதற்குக் கூடுதல் விலை.

ஆனால் இந்தத் தொழிலின் ஆகச் சிறந்த நகைச்சுவை ‘பெர்ஃபெக்ட் பைண்டிங்’ தான். மடித்த ஃபாரங்களை அடுக்கி, முதுகுப் பக்கத்தைச் சுரண்டி, சூடான பசையைத் தடவி, அட்டையை ஒட்டுவார்கள். நூலில்லை, தையலில்லை. இரண்டாம் வாசிப்பில் 65ஆம் பக்கம் தனியாக வந்து மடியில் விழும். மூன்றாம் வாசிப்பில் புத்தகம் சீட்டுக்கட்டாகும். இதற்குப் பெயர் ‘பெர்ஃபெக்ட்’. ஒவ்வொரு ஃபாரத்தையும் ஊசியால் தைத்து, அறுபது ஆண்டானாலும் பிரியாமல் கட்டும் முறைக்கு வெறும் ‘தையல்’ என்று பெயர். முழுமைக்கும் உழைப்புக்கும் உள்ள உறவு இந்தத் தொழிலில் அப்படித்தான்.

எண்பது பக்கக் கவிதை நூலானால் இன்னொரு சிக்கல் உண்டு: முதுகு. 70 ஜி.எஸ்.எம். தாளில் 144 பக்கப் புத்தகத்துக்கே முதுகு முக்கால் சென்டிமீட்டர் தேறாது. கவிஞரோ தொகுப்புக்கு ஆறு சொல்லில் தலைப்பு வைத்திருப்பார். அதையும் தன் பெயரையும் பதிப்பகச் சின்னத்தையும் முதுகில் ஏற்ற வேண்டும் என்பார். ஏற்றுவோம். எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடும் மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்பதில் தமிழ்ப் பதிப்பாளர்களிடையே இன்றுவரை உடன்பாடு இல்லை. தமிழ் வாசகரின் வீட்டு அலமாரி முன் நின்று ஒரு வரிசை படித்து முடித்தால் கழுத்துக்கு இருபக்கமும் பயிற்சி கிடைத்துவிடும்.

மெய்ப்புத் திருத்தத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் என்னால் நிறுத்த முடியாது, ஆகவே இரண்டு செய்தி மட்டும். ஒன்று, ஒற்று. ‘அதை சொன்னான்’ என்று ஆசிரியர் எழுதியிருப்பார். மெய்ப்பர் ச் போடுவார். ஆசிரியர் அடுத்த மெய்ப்பில் அதை வெட்டி, “என் நடையில் கை வைக்காதீர்கள்” என்று ஓரத்தில் எழுதுவார். மெய்ப்பர் மறுபடியும் போடுவார். கடைசியில் டி.டி.பி. செய்பவர் இருவர் பேச்சையும் பாதிப் பாதி கேட்டு, ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் ச் வைத்து இரண்டு இடத்தில் விட்டுவிடுவார். இதற்கு ‘ஆசிரியர் பார்வையிட்ட இறுதி மெய்ப்பு’ என்று பெயர். இரண்டு, எழுத்துரு மாற்றம். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகப் பிரிந்து போகும். ‘கொடி’ என்பது ‘கெ’ என்றும் ‘ாடி’ என்றும் வரியின் இருமுனையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கோப்பைத் திறந்து காட்டினால், “எங்கள் கணினியில் சரியாகத்தானே தெரிகிறது” என்று பதில் வரும். இந்த வாக்கியம் எல்லாப் பதிப்பகங்களிலும் ஒரு சொல் மாறாமல் புழங்குகிறது.

பழைய புத்தகங்களின் கடைசியில் ‘பிழை திருத்தம்’ என்று பக்கம், வரி, பிழை, திருத்தம் எனக் கட்டம் போட்டு அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலிலும் பிழை இருக்கும் என்பது வேறு. இன்று அப்பட்டியல் காணாமல் போய்விட்டது. பிழைகள் குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இனி மேசைக்கு வருவோம். ‘அச்சில் இருக்கிறது’ என்ற சொற்றொடர், இலக்கணப்படி நிகழ்காலம், வழக்கில் எதிர்காலம். கோப்பு லேஅவுட் செய்பவரிடம் இருக்கலாம்; அட்டை ஓவியர் ஊருக்குப் போயிருக்கலாம்; பிரதியை மேசை இழுப்பறையிலிருந்து இன்னும் எடுக்காமலும் இருக்கலாம். எல்லாம் ‘அச்சில்’தான். ‘பைண்டிங்கில் இருக்கிறது’ என்பது அதற்கு அடுத்த படி. பைண்டர் ஓர் அருமையான மனிதர். அவரை ஆசிரியர் எவரும் பார்த்ததில்லை, அவர் எண் ஆசிரியர் எவரிடமும் இல்லை. தாமதம் எங்கே நேர்ந்தாலும் பழியைத் தாங்கும் பொறுப்பு அவருக்கு. டிசம்பர் மாதத்தில் மட்டும் பதிப்பாளரை நம்பலாம். அப்போது உண்மையாகவே எல்லாப் புத்தகமும் பைண்டிங்கில்தான் இருக்கும். சென்னைப் புத்தகக் கண்காட்சி ஜனவரியில். ஆகவே தமிழ்நாட்டின் இலக்கியம் முழுவதும் டிசம்பரில் பிறக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியில் பத்துப் புத்தகத்தை உருவி ‘முதல் பதிப்பு’ என்ற வரியைப் பாருங்கள். டிசம்பர் எத்தனை என்று எண்ணுங்கள்.

அந்த ‘முதல் பதிப்பு’ம் ஒரு சுவையான சொல்தான். லெட்டர் பிரஸ், ஆஃப்செட் காலத்தில் முதல் பதிப்பு என்றால் ஆயிரம் அல்லது 1200 பிரதி என்பது வழக்கம். பிளேட் போட்டு மெஷினை ஓட்டத் தொடங்கினால் அதற்குக் குறைந்து கட்டுப்படி ஆகாது. இன்று தேவைக்கேற்ப அச்சிடும் பி.ஓ.டி. வந்துவிட்டது, ஐம்பது பிரதி அடித்தாலும் அது முதல் பதிப்புதான். ‘மூன்றே மாதத்தில் நான்காம் பதிப்பு!’ என்ற அறிவிப்பைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்கு முன், ஒரு பதிப்புக்கு எத்தனை என்று கேளுங்கள். நான்கு ஐம்பது இருநூறு. உள்ளே ஒரு சொல்லும் மாறாமல் மறுபடி அடித்ததை ‘இரண்டாம் அச்சு’ என்பதுதான் முறை. ஆனால் ‘பதிப்பு’ என்றால் தடிமன் கூடுகிறது, பல்க் காகிதம் மாதிரி.

கணக்கைப் பார்த்தால் இந்த மூட்டம் ஏன் என்று புரியும். 200 ரூபாய்ப் புத்தகம் என்று வையுங்கள். கடைக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் 80 ரூபாய் போயிற்று. ஆசிரியருக்கு ராயல்டி 10 சதவீதம் என்றால் 20. மீதி நூறில் காகிதம், அச்சு, கட்டு, அட்டை, மெய்ப்பு, பார்சல், கிடங்கு வாடகை, விற்காமல் தூங்கும் பிரதிகளின் செலவு எல்லாம் அடங்க வேண்டும். கடைக்காரர் பணம் தருவது எப்போது? “கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்” என்பார். அவர் கணக்குப் பார்த்தால்தான் பதிப்பாளர் உங்கள் கணக்கைப் பார்ப்பார். “ஆண்டுக் கணக்கு இன்னும் முடிக்கவில்லை” என்று உங்களுக்கு வரும் பதில், கடைக்காரர் அவருக்குச் சொன்னதன் எதிரொலி. எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றுபவரும் ஏமாற்றாதவரும் ஒரே வாக்கியத்தைப் பேசுவதுதான் தொல்லை. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஆண்டுக்கு ஒருமுறை எழுத்தில் கணக்கு வருகிறதா என்று பார்ப்பது. தொகை நூறு ரூபாயாக இருந்தாலும் தாள் வந்தால் மனிதர் நல்லவர்.

‘ஆணை’ என்று தனியாக ஒரு சொல் உண்டு. அடைமொழி தேவையில்லை; பொது நூலகத்துறை புத்தகம் வாங்கும் ஆணை என்று எல்லாருக்கும் புரியும். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அந்தப் பணத்தில் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிறார்கள். தமிழ்ப் பதிப்புலகம் கால் ஊன்றி நிற்பதற்கு இந்தச் சட்டம் ஒரு பெரிய காரணம், இதில் கிண்டலுக்கு இடமில்லை. கிண்டல் வேறு இடத்தில். நூலகத் துறை வெகுகாலம் ஃபாரக் கணக்கில்தான் விலை கட்டியது. உங்கள் கவிதையின் மௌனம், அவருடைய நாவலின் வீச்சு, இவருடைய ஆய்வின் ஆழம் எல்லாம் ஃபாரத்துக்கு இவ்வளவு ரூபாய். பக்கத்துக்கு நான்கு வரி எழுதும் கவிஞர்கள் பெருகியதற்கு இலக்கியக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. இதையும் அந்தப் பட்டியலில் ஓர் ஓரமாகச் சேர்க்கலாம்.

“ஆணை வந்தால் பார்க்கலாம்” என்று பதிப்பாளர் சொன்னால், ராயல்டி, இரண்டாம் பதிப்பு, உங்கள் அடுத்த நூல், அவர் வீட்டுக்கு வெள்ளையடிப்பது அனைத்தையும் அதில் அடக்கியிருக்கிறார் என்று கொள்க.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ‘பரிசீலனையில் இருக்கிறது’: யாரும் படிக்கவில்லை. ‘ஆசிரியர் குழு பார்த்துக்கொண்டிருக்கிறது’: பதிப்பாளரின் மைத்துனர் படித்துக்கொண்டிருக்கிறார். ‘நல்ல நூல், ஆனால் இப்போது சந்தை மந்தம்’: வேண்டாம். ‘கொஞ்சம் செம்மைப்படுத்த வேண்டியிருக்கிறது’: பாதியை வெட்டப் போகிறார்கள், இது கிடைத்தால் நன்றி சொல்லுங்கள், எடிட்டர் என்று ஒருவர் அங்கே இருக்கிறார். ‘ஆசிரியர் பங்களிப்புத் திட்டம்’: பணம் உங்களுடையது. ‘300 பிரதிகளை ஆசிரியர் பெற்றுக்கொள்ள வேண்டும்’: பணமும் உங்களுடையது, கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடமும் உங்களுடையது.

‘முன்வெளியீட்டுத் திட்டம்’ என்பதை மட்டும் இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். புத்தகம் வருவதற்கு முன்பே வாசகரிடம் சலுகை விலையில் பணம் வாங்கி, அந்தப் பணத்தில் அச்சிடுவது அது. 19ஆம் நூற்றாண்டில் இதற்குக் ‘கையொப்பம்’ என்று பெயர். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது கையொப்பம் வாங்கித்தான் பணம் திரட்டினார். கையொப்பமிட்ட எல்லாரிடமும் பணம் வந்து சேர்ந்ததா என்ற கவலை அன்றும் இருந்தது. முன்பதிவுப் படிவத்தை உற்சாகமாக நிரப்பிவிட்டுப் பணம் கட்ட மறந்துபோகும் இன்றைய நண்பர்கள், அறியாமலே ஒரு நீண்ட மரபைக் காத்துவருகிறார்கள்.

நூலுக்கு நூல் தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னை ஏதோ விருதுபோலப் பேசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். “என் நூலுக்கு ஐ.எஸ்.பி.என். கிடைத்துவிட்டது” என்று. இந்தியாவில் அது இலவசம். தில்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் அரசு முகமையிடம் விண்ணப்பித்தால் கொடுப்பார்கள். நூல் நன்றாக இருக்கிறதா என்று அவர்கள் படித்துப் பார்ப்பதில்லை. 2007 முதல் இந்த எண்ணுக்கு 13 இலக்கம். முதல் மூன்று 978. கடைச் சரக்குகளின் கோட்டுக் குறியீட்டில் (பார்கோடு) அந்த இடம் நாட்டுக்கு உரியது. புத்தகத்துக்கு எந்த நாட்டைக் காட்டுவது என்ற கேள்வி வந்தபோது, இல்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்து அதற்கு 978 கொடுத்தார்கள். அந்த நாட்டின் பெயர் ‘புக்லேண்ட்’. இந்தத் தொழிலில் கடனாளியாகும் அனைவரும் எந்த நாட்டுக் குடிமக்கள் என்ற ஐயம் எனக்கு அத்தோடு தீர்ந்தது.

ஆங்கிலப் பதிப்புலகம் நம்மைவிட நேர்மையானது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கேட்காமல் வந்து குவியும் கையெழுத்துப் பிரதிகளுக்கு ‘ஸ்லஷ் பைல்’, அதாவது சேற்றுக் குவியல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விற்காத புத்தகத்தைக் கடை திருப்பி அனுப்பும் ‘ரிட்டர்ன்’ முறை, 1930களின் பெருமந்தக் காலத்தில் அமெரிக்கக் கடைக்காரர்களைத் தைரியப்படுத்தக் கொண்டுவரப்பட்டது. மந்தம் போய்விட்டது, முறை போகவில்லை. மலிவுப் பதிப்புகளில் முழுப் புத்தகத்தை அனுப்பத் தபால் செலவு கட்டாது என்று அட்டையை மட்டும் கிழித்து அனுப்பிவிட்டு உடலைக் கூழாக்கிவிடுவார்கள். ‘அட்டையில்லாமல் இந்தப் புத்தகத்தை வாங்கியிருந்தால் இது திருட்டுப் பொருள்’ என்ற எச்சரிக்கையை அந்தப் புத்தகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். நம் ஊரில் அட்டையைக் கிழிக்கும் வேலையைப் பசையே செய்துவிடுகிறது.

மூன்றாவது மொழி, ஒலிபெருக்கியின் மொழி. பின்னட்டையையும் இதில்தான் சேர்க்க வேண்டும். ஒலி கேட்காது, அவ்வளவுதான். பின்னட்டைப் புகழுரைக்கு ஆங்கிலத்தில் ‘பிளர்ப்’ என்று பெயர். 1907இல் ஜெலட் பர்கெஸ் என்ற அமெரிக்க நகைச்சுவையாளர், புத்தக வணிகர்களின் விருந்து ஒன்றில் தன் நூலைச் சிறப்பு மேலுறையோடு கொடுத்தார். அந்த மேலுறையில் ஒரு பெண் வாயில் கைவைத்துக் கூவிக்கொண்டிருந்தாள். பெயர் மிஸ் பெலிண்டா பிளர்ப். இதைப்போல் ஒரு நூல் உண்டா என்ற ரீதியில் வாசகம். பதிப்பாளர்களின் கூச்சலைக் கிண்டலடிக்கச் செய்த வேலை. பதிப்பாளர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தப் பெயரையே எடுத்துவைத்துக்கொண்டு கூச்சலைத் தொடர்ந்தார்கள்.

ஆனால் இதில் நாம் அமெரிக்காவுக்குப் பல நூற்றாண்டு மூத்தவர்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்குச் சட்டமே எழுதிவைத்துவிட்டார். ஆயிரம் முகங்களில் விரிந்த நூலானாலும் பாயிரம், அதாவது முகவுரை, இல்லாவிட்டால் அது நூலே அல்ல என்கிறார். நூலாசிரியர் தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால் பாயிரத்தைப் பிறர்தான் பாட வேண்டும். யார்? தன் ஆசிரியன், தன்னோடு கற்றவன், தன் மாணாக்கன், தகுதியான உரைகாரன். இன்றைய பின்னட்டைகளை எடுத்துப் பாருங்கள். எழுதியவரின் வழிகாட்டி, அறைத் தோழர், முனைவர் பட்ட மாணவர், ஏற்கெனவே இவருடைய நூலுக்குக் கட்டுரை எழுதியவர். நால்வரைத் தவிர ஐந்தாவது ஆள் கிடையாது. பவணந்தியார் தற்புகழ்ச்சிக்கும் நான்கு விதிவிலக்கு வைத்திருக்கிறார். அதில் ஒன்று, ‘தன்னுடை ஆற்றல் உணரா ரிடையினும்’. தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது புகழ்ந்துகொள்ளலாம். முகநூலுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கண ஆதாரம் வேறில்லை.

19ஆம் நூற்றாண்டில் இதுவே சாற்றுகவியாகப் பெருகியது. நூலைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் புலவர்கள் விருத்தமும் வெண்பாவுமாகப் புகழ்ந்திருப்பார்கள். நூல் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும். ஒன்று சொல்ல வேண்டும்: பொய்யானாலும் யாப்பில் சொன்னார்கள். எதுகை மோனைக்காவது உழைத்தார்கள். இன்றைய பின்னட்டையில் ‘தவிர்க்க முடியாத நூல்’ என்று எழுத ஐந்து நொடி போதும். (தவிர்க்க முடியாத நூல் என்றால் ஆசிரியரை அடிக்கடி சந்திக்க நேர்கிறது என்று பொருள்.) ‘மண்ணின் மணம் கமழும்’ என்றால் உரையாடல் புரியாது. ‘பன்முக வாசிப்பைக் கோரும் பிரதி’ என்றால் எழுதியவருக்கும் ஒரு முகம்தான் புரிந்தது. ‘கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது’ என்பதைப் பெர்ஃபெக்ட் பைண்டிங்கோடு சேர்த்து யோசியுங்கள். வைத்தால் தாள் உதிர்ந்துவிடும். ‘இளம் படைப்பாளி’ என்பவருக்கு வயது நாற்பத்தைந்துக்குள்.

வெளியீட்டு விழாவில் நூலைப் பற்றிப் பேசுபவர் ஒரே ஒருவர், கடைசியில், மின்விசிறியை நிறுத்தும் நேரத்தில். அதுவரை வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை. “நூலை முழுமையாக வாசிக்க நேரம் வாய்க்கவில்லை, ஆனாலும் புரட்டியபோது ஒரு வரி என்னை நிறுத்தியது” என்று ஒருவர் தொடங்குவார். அந்த வரி எட்டாம் பக்கத்தில் இருக்கும். அதைத் தாண்டியிருந்தால் அல்லவா வேறு வரி நிறுத்தும். ‘முதல் பிரதியைப் பெற்றுக்கொள்பவர்’ என்ற பதவி தனி. அவர் எழுந்து, வாங்கி, படத்துக்கு நின்று, உட்கார வேண்டும். அவர் பெற்றுக்கொள்வது வண்ணத்தாளில் சுற்றிய பிரதி. உள்ளே உண்மையிலேயே உங்கள் நூல்தான் இருக்கிறதா என்பது சில விழாக்களில் பைண்டருக்கு மட்டுமே தெரியும். தயாராகாத புத்தகத்துக்கு அட்டையைப் பழைய புத்தகத்தின் மேல் சுற்றிக் கொடுத்து விழாவை ஒப்பேற்றிய கதைகள் இத்தொழிலில் உண்டு. ஏற்புரையில் ஆசிரியர் கண் கலங்குவது எப்போதும் நன்றியால் மட்டும் என்று சொல்ல முடியாது.

வாசகர்களையும் விட்டுவைக்கக் கூடாது. அவர்களுக்கும் ஒரு வழக்கு உண்டு. அதைக் கேட்க நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போக வேண்டும். 1977இல் ஒரு பள்ளி வளாகத்தில் தொடங்கிய பபாசி என்ற பதிப்பாளர், விற்பனையாளர் சங்கத்தின் கண்காட்சி இப்போது நூற்றுக்கணக்கான ஸ்டால்களோடு நடக்கிறது. ஸ்டாலில் நிற்கும் பையனுக்கு மூன்றாம் நாளே இந்த மொழி மனப்பாடமாகிவிடும். “இந்த ஆசிரியரை நான் நிறையப் படித்திருக்கிறேன்” என்றால் வாங்க மாட்டார். “பி.டி.எஃப். கிடைக்குமா?” என்பவர் குறைந்தபட்சம் நேர்மையானவர். “பத்து சதவீதம்தானா?” என்று கேட்பவர் வாங்குவார். கண்காட்சியில் பத்து சதவீதக் கழிவு எல்லா ஸ்டாலிலும் உண்டு என்று அவருக்கும் தெரியும், கேட்காமல் வாங்கினால் தூக்கம் வராது. சமையல் புத்தகம் எங்கே என்று கேட்பவருக்கு வழி சொல்ல வேண்டும். நாளெல்லாம் சொல்ல வேண்டும். பின்னட்டையை நின்றபடி முழுதாகப் படித்து, விலையைப் பார்த்து, புத்தகத்தை எடுத்த இடத்துக்கு இரண்டு அடி தள்ளி வேறு அடுக்கில் வைத்துவிட்டு, “ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து வாங்கிக்கொள்கிறேன்” என்பவர்தான் பெரும்பான்மை. அப்படிச் சொன்னவரிடம் ஸ்டாலில் இருந்த ஒரு பழைய ஊழியர் ஒருமுறை, “மெதுவாக வாருங்கள் அம்மா, புத்தகம் எங்கேயும் போகாது” என்றார். அந்த அம்மாள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார். பதிப்பாளர் மட்டும் கல்லாவுக்குப் பின்னாலிருந்து அந்த ஊழியரை முறைத்தார்.